ஒரே சக்கரத்தில் உள் பிரேக் பேட் மட்டும் தேய்வதற்குத் தொப்பூர் இறக்கம்தான் காரணமா?

நல்லம்பள்ளி வாசகர்:
வணக்கம். வேலை நிமித்தமாகத் தர்மபுரியிலிருந்து சேலத்திற்கு வாரம் மூன்று முறை காரில் போய் வருகிறேன். சென்ற வாரம் முன்சக்கரங்களைக் கழற்றியபோது, இடப்பக்க உள் பேடில் 2 மில்லிமீட்டர்தான் மிஞ்சியிருந்தது. அதே சக்கரத்தின் வெளிப் பேடில் 7 மில்லிமீட்டர் இருந்தது. வலப்பக்கத்தில் இரண்டுமே ஏறத்தாழ 6. தொப்பூர் கணவாயில் அடிக்கடி பிரேக் பிடிப்பதால் இப்படி ஆகிறது என்று சொல்லி, பேடுகளை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார்கள் ஒர்க்‌ஷாப்பில். பதினான்கு மாதங்களுக்கு முன்பும் இதையே சொல்லித்தான் மாற்றினார்கள் என்பதால் மனம் ஒப்பவில்லை. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

பாலக்கோடு மெக்கானிக்:
ஐயா, உங்கள் சந்தேகம் நியாயமானது. கணவாய் இறக்கம் பேடைத் தேய்க்கும். ஆனால் முன்சக்கரங்களின் நான்கு பேடுகளையும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தேய்க்கும். சக்கரத்தோடு சுழலும் ஒரே டிஸ்க்கின் இரு புறத்துக்கும் இடையே 5 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால், அந்தக் காலிப்பரில் (பேடுகளை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கும் கவ்வியில்) நகர வேண்டிய ஏதோ ஒன்று நகரவில்லை என்று பொருள். பெரும்பாலான சிறிய கார்களில் இருக்கும் ஒற்றைப் பிஸ்டன் காலிப்பரில், பிஸ்டன் தள்ளுவது உள் பேடை மட்டுமே. அது டிஸ்க்கில் அழுந்தியதும், எதிர்விசையால் காலிப்பரே கைடு பின்களின் மேல் வழுக்கி வந்து வெளிப் பேடையும் டிஸ்க்கோடு சேர்த்துப் பிடிக்கிறது. பின்கள் இறுகிவிட்டால் காலிப்பர் வழுக்காது; உள் பேட்தான் சுமை முழுவதையும் தாங்கித் தேயும்.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய காலிப்பரை, பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவிட்டு, இரண்டு பின்களையும் கையால் இழுத்துப் பாருங்கள். உள் பேடின் இரு முனைகளையும் தனித்தனியே அளந்து எழுதுங்கள். பேட் சாய்வாகத் தேய்ந்திருந்தால், ஒரு பின் மட்டும் சிக்கியிருக்கலாம்.

நல்லம்பள்ளி வாசகர்:
ஞாயிறன்று கழற்றிப் பார்த்தேன். மேல் பின் விரலுக்கு எளிதாக வந்தது. கீழ்ப் பின் அசையவே இல்லை. குறடால் திருகித் திருகி வெளியே எடுத்தபோது, அதன் ரப்பர் உறையில் நகக்கீறல் அளவு வெடிப்பு இருந்ததையும், உள்ளேயிருந்த கிரீஸ் துருவோடு கலந்து காய்ந்த புளியைப் போல ஒட்டியிருந்ததையும் கண்டேன். உள் பேடின் ஒரு முனை மறுமுனையைவிட 1 மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது. பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் தடவினால் போதுமா?

காவேரிப்பட்டணம் ஓட்டுநர்:
போதாது, சகோதரரே. பின்னில் துரு குழி விழுந்திருந்தால் புதியது போடுங்கள். வெடித்த ரப்பர் உறையை எப்படியும் மாற்றத்தான் வேண்டும், இல்லையென்றால் அடுத்த மழைக்காலத்தில் அதே வழியாகத் தண்ணீர் இறங்கும். சக்கர பேரிங்கிற்குப் போடும் சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துப் பின்னை மறுபடி இறுக்கிவிடும் என்பதால், பிரேக்கிற்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸை மட்டும் பயன்படுத்துங்கள். சில கார்களில் மேல் பின்னும் கீழ்ப் பின்னும் ஒன்றல்ல. இடம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

பிஸ்டனையும் அழுத்திப் பார்த்துவிடுங்கள். அது உள்ளே போக மறுத்து, பிளீடர் நிப்பிளை (காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியேவிடும் சிறு திருகை) திறந்ததும் போனால் ஹோஸ் உட்புறம் அடைத்திருக்கக்கூடும். திறந்த பிறகும் மறுத்தால் கோளாறு பிஸ்டனில்தான். உராயும் பேடின் சூடு பிரேக் ஆயிலுக்கும் ஏறும். டாட் 4 தரப் பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய நிலைக்கான வரம்போ வெறும் 155 தான். அது கொதித்துவிட்டால், தொப்பூர் இறக்கத்தில் பெடல் தரைவரை போகும். எனவே ஆயில் மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். இறக்கத்தில் நியூட்ரலில் விடாமல் கியரிலேயே இறங்குங்கள்.

பேடுகளை இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். 1,000 கிலோமீட்டர் ஓடியபின் இடப்பக்கத்தை மீண்டும் அளந்து இங்கே எழுதுங்கள்.