சான்றிதழில் பி.சி., ஊருக்குள் சேரி: தலித் கிறித்தவர்கள் எந்தச் சட்டத்தின்கீழ் புகார் கொடுப்பது?

கேள்வி – வடக்குத்தெரு

விழுப்புரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்கர்களாக இருக்கும் ஆதிதிராவிடக் குடும்பம் எங்களுடையது. திருவிழாத் தேர் இன்றும் எங்கள் தெருவுக்குள் வருவதில்லை. எங்களிடம் திருவிழா வரியும் வாங்க மாட்டார்கள். வாங்கினால் தேரில் உரிமை கேட்போம் என்ற பயம். கல்லறைத் தோட்டத்தில் எங்களுக்கு விடப்பட்டிருப்பது மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் பள்ளமான மூலை. இந்த ஆண்டு கொடியேற்றத்தன்று என் தம்பி இதைக் கேட்கப்போய், சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி அவனை அடித்துவிட்டார்கள். அடித்தவர்கள் எங்களோடு ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குபவர்கள்.

காவல் நிலையத்தில் எங்கள் சாதிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, ‘நீங்கள் பி.சி., பி.சி.ஆர். வழக்குப் போட முடியாது, பேசி முடித்துக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பிவிட்டார்கள். இந்து என்று எழுதிக்கொடுத்து எஸ்.சி. சான்றிதழ் வாங்கிவிடு, ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறாய் என்று யார் பார்க்கப்போகிறார்கள் என்கிறார் என் மாமா. எங்களுக்கு வேறு வழி இருக்கிறதா?

பதில் – கீழமை நீதிமன்ற வழக்கறிஞர்

நிலையத்தில் சொன்னது பாதி சரி. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரையும் பட்டியல் சாதியினராகக் கருத முடியாது என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டபோது கிறித்தவர்களும் முஸ்லிம்களும் வெளியிலேயே நிறுத்தப்பட்டார்கள். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறது. கிறித்தவப் போதகர் ஒருவர் கொடுத்த புகாரில் ஆந்திர உயர் நீதிமன்றம் 2025இல் இதையே சொல்லி வழக்கை ரத்து செய்தது.

ஆனால் ஊரில் எல்லோரும் பி.சி.ஆர். என்று அழைப்பது இந்த 1989 சட்டத்தை. உண்மையான பி.சி.ஆர்., அதாவது 1955ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் (Protection of Civil Rights Act), இன்னும் நடைமுறையில்தான் இருக்கிறது. அதை எடுத்துப் படிப்பவர்தான் இல்லை. தீண்டாமையின் பேரில் ‘எந்த ஒரு நபரையும்’ அவர் மதத்தினருக்குத் திறந்திருக்கும் வழிபாட்டிடத்தில் நுழையவோ வழிபடவோ விடாமல் தடுப்பதை அதன் 3ஆம் பிரிவும், இடுகாட்டையும் பொதுப் பாதையையும் பயன்படுத்தவிடாமல் தடுப்பதை 4ஆம் பிரிவும் குற்றமாக்குகின்றன. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. அவர் பட்டியல் சாதியினராக இருந்தால், செயல் தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும் (12ஆம் பிரிவு). உங்களுக்கு அந்தச் சலுகை கிடைக்காது, நீங்களே நிரூபிக்க வேண்டும். முதல் முறைக் குற்றத்துக்குத் தண்டனையும் ஆறு மாதத்தைத் தாண்டாது. இருந்தாலும் கல்லறைப் பிரச்சினைக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் இல்லை என்பது என் கருத்து. தேர் வராத விஷயத்தை மட்டும் இதில் வலுவாக நிறுத்துவது கடினம்.

அடித்தது தனி வழக்கு. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2), 351, 352 பிரிவுகள் யாருடைய சான்றிதழையும் கேட்பதில்லை. நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4)இன்படி எழுத்துப்பூர்வமாக எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம்.

பதில் – ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர்

மாமா சொல்வதைச் செய்துவிடாதீர்கள். தேவாலயத்துக்குப் போய்க்கொண்டே இந்து என்று சான்றிதழ் கேட்ட புதுச்சேரிப் பெண்ணின் வழக்கில், இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறியதாகச் சொல்வது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உண்மையாகவே தாய்மதம் திரும்புபவருக்கும் கே.பி. மனு என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015இல் தந்த தீர்ப்பு மூன்று நிபந்தனைகளை வைக்கிறது: முன்னோர் அந்தச் சாதியினர் என்பதற்குச் சான்று, மதம் திரும்பியதற்குச் சான்று, அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டதற்குச் சான்று. பிற்பாடு யாராவது ஒரு மொட்டைக் கடிதம் போட்டால் உங்கள் பிள்ளையின் வேலையே போய்விடும்.

இந்தச் சட்டம் நியாயமானது என்று நான் சொல்லவில்லை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஒரு தொழிலாளிக்கு, இந்து ஆதிதிராவிடர்களுக்குக் கிடைத்த இலவசப் பங்க் கடை, கிறித்தவர் என்பதால் மறுக்கப்பட்டது. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்வதாக நிரூபிக்கவில்லை என்று 1985இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. அதே நடைபாதை, அதே தொழில். இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பட்டியல் சாதித் தகுதி தரலாம் என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது, 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. இதே கேள்வியை ஆராய 2022இல் அமைக்கப்பட்ட கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்துக்கோ காலக்கெடு நீட்டிக்கப்பட்டது.

மதம் மாறிய ஆதிதிராவிடர் என்ற உங்கள் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகைக்கு அது செல்லும். 1955 சட்டத்தில் வழக்கு நடந்தால், நீங்கள் எந்தச் சமூகத்திலிருந்து வந்தவர்கள் என்பதற்கு அரசாங்கமே கொடுத்த சாட்சியமாகவும் அது நிற்கும்.

பதில் – முன்னாள் குருமட மாணவர்

திருச்சபைக்கு உள்ளேயும் எழுதுங்கள். சாதிப் பாகுபாடு கூடாது என்று 2003இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடமே நேரில் சொன்னார். திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதை இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கையில் ஒப்புக்கொண்டது. ஆயருக்கு எழுதும்போது அந்தக் கொள்கையை மேற்கோள் காட்டிக் கேட்டால், ‘அது ஊர் வழக்கம்’ என்று சொல்லி அவர் நழுவ முடியாது. பங்குத்தந்தைக்கு மட்டும் கொடுத்தால், அவர் மாற்றலாகும்போது உங்கள் மனுவும் அவரோடு போய்விடும்.

தனிக்கோயில் கட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சும் உங்கள் தெருவில் எழக்கூடும். உளுந்தூர்பேட்டை பக்கத்து எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப்பங்கு (தங்களுக்கெனத் தனி ஆலய நிர்வாகம்) கேட்டதில் மூண்ட மோதல், 2008 மார்ச்சில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறப்பதில் போய் முடிந்தது. ஆகவே எதுவானாலும் கையெழுத்திட்டு, தேதியிட்டு, எழுத்தில் கேளுங்கள். திருவிழாக் கூட்டத்தில் வைத்துக் கேட்க வேண்டாம்.

வடக்குத்தெரு

நன்றி. தம்பி அரசு மருத்துவமனையில் காட்டிய சீட்டு இருக்கிறது. கல்லறைப் பிரச்சினையையும் அடித்ததையும் ஒரே மனுவில் எழுதலாமா?

கீழமை நீதிமன்ற வழக்கறிஞர்

இரண்டாக எழுதுங்கள். அடிதடி மனுவில் மருத்துவச் சீட்டின் நகலை இணைத்து, திட்டிய சொற்களைச் சொன்னபடியே எழுத வேண்டும். ‘தகாத வார்த்தை’ என்று எழுதினால் எடுபடாது. கல்லறை மனுவில் பள்ளத்தின் படமும், அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதற்குத் தாலுகா அலுவலகத்தில் வாங்கிய அ-பதிவேட்டு நகலும் இருக்கட்டும்.