மறு: குதிரைக்குட்டியின் வயிற்று அறுவை – மயக்கமா, மரப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

'ரீஜனல் அனஸ்தீசியா'வுக்கு, அதாவது உடம்பின் ஒரு பகுதியை மட்டும் ஊசி போட்டு மரக்கச் செய்வதற்கு, தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் குழுவின் பேச்சில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: வட்டார மயக்கம், பகுதி மயக்கம், விறைப்பு. முதல் இரண்டையும் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். 'வட்டாரம்' என்றதும் நமக்கு ஊரும் வழக்கும் வளர்ச்சி அலுவலகமும்தான் நினைவுக்கு வரும், உடம்பு வராது. 'பகுதி மயக்கம்' என்றால் அரைகுறையாக மயங்கிக் கிடப்பது என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் உண்மையான சிக்கல் இரண்டுக்கும் பொதுவான 'மயக்கம்' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

அனஸ்தீசியா என்ற பெயரே ஒரு கடிதத்தில் முன்மொழியப்பட்டதுதான். 1846-இல் பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்தால் வலியில்லாமல் அறுவை செய்யலாம் என்று காட்டினார் பல் மருத்துவர் மார்ட்டன். சில வாரங்களில் மருத்துவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அவருக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் பெயரைப் பரிந்துரைத்தார். கிரேக்கத்தில் அதன் பொருள் 'உணர்வின்மை'. நினைவு இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே அதில் இல்லை. அதனால் 1884-இல் மருத்துவர் கார்ல் கோலர் கண்ணில் கோகெய்ன் சொட்டு விட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே அறுவை செய்யலாம் என்று காட்டியபோதும் அதே சொல் பொருந்தியது. நாமோ ஈதர் முகர்ந்து படுத்திருந்தவரைப் பார்த்து 'மயக்கம்' என்றோம். முழு மயக்கத்துக்கு அது அழகான சொல். விழித்திருப்பவரின் மரத்துப்போன தோலுக்கு அது நீளாது.

நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. லாயத்தில் வேலை பார்ப்பவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு பாடம், பிறந்து இரண்டு மூன்று நாளான குட்டியின் சிறுநீர்ப்பை கிழிந்துபோவது. ஆண் குட்டிகளில் இதை அதிகம் பார்க்கிறோம். சிறுநீர் வயிற்றுக்குள் கசிந்து நிற்கும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், சோடியம் இறங்கும். அந்த நிலையில் அவசரப்பட்டு முழு மயக்கம் கொடுத்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகிவிடும். முதலில் வயிற்று நீரை வடித்து, பொட்டாசியத்தை இறக்கிவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும்.

அப்புறமும் கவலை தீராது. குதிரைக்கு முழு மயக்கமே ஆபத்தான காரியம். 2002-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைக் கணக்கெடுத்தது. மயக்கம் கொடுத்த ஏழு நாட்களுக்குள் இறந்தவை 1.9 சதவீதம். கோலிக் என்னும் வயிற்றுநோவு அறுவைகளை நீக்கிப் பார்த்தாலும் 0.9 சதவீதம். மயங்க வைக்கும் ஐசோஃப்ளூரேன் வாயுவை எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவு இரத்த அழுத்தம் விழும். குட்டிக்கோ உடம்பில் கொழுப்பு குறைவு, சீக்கிரம் குளிர்ந்துவிடும், சர்க்கரையும் இறங்கும். அதனால் வாயுவைக் குறைத்துக்கொண்டு, கத்தி படுகிற இடத்துக்கு வரும் நரம்புகளுக்குத் தனியாக மருந்து போடுகிறோம். குட்டிக்கு இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இரண்டுக்கும் 'மயக்கம்' என்றே பெயர் வைத்தால், 'மயக்கத்தில் இருந்த குட்டிக்கு மயக்கம் கொடுத்தோம்' என்று எழுத வேண்டிவரும். லாயத்தில் படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்?

சரி, இந்த ஊசிக்கு ஆங்கிலத்தில் 'டிரான்ஸ்வெர்சஸ் அப்டாமினிஸ் பிளேன் பிளாக்' என்று பெயர். தமிழில் பெயரிடுவதற்கு முன் அது எங்கே போகிறது என்பதைப் பார்ப்போம். வயிற்றின் பக்கச் சுவரில் மூன்று தசைகள் அடுக்காக இருக்கின்றன: வெளிச்சாய்தசை, உட்சாய்தசை, குறுக்குத்தசை. சுவரை உணர வைக்கும் நரம்புகள், பின்புற மார்பு முள்ளெலும்புகளிலிருந்தும் முதல் இடுப்பு முள்ளெலும்புகளிலிருந்தும் கிளம்பி, உட்சாய்தசைக்கும் குறுக்குத்தசைக்கும் நடுவே கீழே இறங்கி வருகின்றன. இந்த ஊசியை மனிதருக்குத் தொட்டுப் பார்த்துப் போடும் முறையை 2001-இல் ராஃபி என்ற மருத்துவர் விவரித்தார். பிறகு அல்ட்ராசவுண்ட் வந்தது, அதன்பின் விலங்குகளுக்கும் வந்தது. திரையில் பார்க்க வேண்டும் அதை! ஊசி முனை சரியான இடத்தில் இருந்தால், ஒட்டிக்கிடந்த இரண்டு தசைகள் மெல்ல விலகி, நடுவே கருப்பாக ஒரு படகு வடிவம் விரியும். தசைக்குள்ளேயே மருந்து இறங்கினால் அந்தப் படகு தெரியாது.

இதனால்தான் 'பிளேன்' என்பதைத் 'தளம்' என்று பெயர்க்கச் சொன்ன கோயம்புத்தூர் ஐயாவின் யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. தளம் என்றால் நாம் நிற்கிற தரை. இது இரண்டுக்கும் நடுவே திறந்துகொள்ளும் இடம். 'தசையிடை' என்றால் போதும். அந்த இடைவெளி நெடுக மருந்து பரவ வேண்டும், ஆகவே அளவு நிறையத் தேவை. ஐம்பது கிலோ குட்டிக்கு, நரம்பை மரக்கச் செய்யும் புபிவக்கேய்ன் மருந்து கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று மேல்வரம்பு வைத்தால் மொத்தம் 100 மில்லிகிராம். அரை சதவீதக் கரைசலில் அது வெறும் 20 மில்லி. கத்தி படுகிற வயிற்றின் நடுக்கோட்டுக்கு இரு பக்கத்து நரம்புகளும் வருவதால் இரண்டு பக்கமும் போட வேண்டும். பக்கத்துக்கு இரண்டு இடம் என்றால் இடத்துக்கு 5 மில்லிதான் கிடைக்கும். கால் சதவீதமாக நீர்த்துக்கொண்டால் அதே மருந்து 40 மில்லியாகிறது, இடத்துக்கு 10 மில்லி கிடைக்கிறது.

இன்னொன்று. இது சுவரை மட்டுமே மரக்கச் செய்யும். குடலை இழுத்தாலும் சிறுநீர்ப்பையைத் தூக்கினாலும் அந்த வலி வேறு நரம்புகள் வழியாகப் போகிறது. ஆகவே 'வயிற்று' என்று மொட்டையாகத் தொடங்கும் எந்தச் சொல்லும் தப்பான நம்பிக்கை கொடுக்கும். 'வயிற்றுச்சுவர்' என்று சொல்லியே ஆக வேண்டும்.

நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: பிரசவத்துக்கு முதுகில் ஊசி போடுகிறார்களே, குட்டிக்கும் அப்படிப் போட்டால் என்ன?

நல்ல கேள்வி. மனிதர் கால் மரத்தால் படுத்துக்கொண்டு காத்திருப்பார். குதிரை காத்திருக்காது. பின்னங்கால் தள்ளாடினால் மிரண்டு எழப் பார்க்கும், விழும், எலும்பை உடைத்துக்கொள்ளும். குட்டிக்கு இன்னும் ஒரு தேவை இருக்கிறது. அது எழுந்து நின்றால்தான் தாயிடம் பால் குடிக்க முடியும். வயிற்றுச்சுவரில் போடும் ஊசி கால்களைத் தொடாமல் வலியை மட்டும் எடுக்கிறது. இந்த முறையின் மேல் எனக்கு இவ்வளவு ஆசை வர அதுதான் காரணம்.

'பிளாக்' என்பதற்கு 'நரம்படைப்பு' என்று இருவர் எழுதியிருந்தீர்கள். மாரடைப்பு, மூக்கடைப்பு, சாக்கடை அடைப்பு என்று நம் காதில் அடைப்பு எப்போதும் தானாக நேர்ந்துவிட்ட கேடு. இது வேண்டுமென்றே, கொஞ்ச நேரத்துக்கு, குறுக்கே நின்று தடுப்பது. அதற்கு 'மறித்தல்' இருக்கிறது. வழியை மறிக்கிறோம், ஆட்டை மறிக்கிறோம், பிறகு விட்டும்விடுகிறோம். மருந்து தீர்ந்ததும் நரம்பு மறுபடி பேசத் தொடங்குவது போல. எனவே செயலுக்கு 'நரம்பு மறிப்பு'.

விளைவுக்கு 'விறைப்பு' என்ற யாழ்ப்பாணத்து அக்காவின் சொல் உயிருள்ள சொல், அங்கே எல்லோரும் புழங்குவது. தமிழ்நாட்டில் அது உடல் கட்டையாய் நீட்டிக்கொண்டு நிற்பதைக் குறிக்கும். தசை தளர்ந்துதான் இருக்கிறது என்று விளக்க வேண்டிவரும். பல் பிடுங்கப் போனவர் இங்கே 'மரத்துப்போகிற ஊசி போட்டார்கள்' என்பார். அதிலிருந்து 'மரப்பு' என்று எடுக்கிறேன். இலங்கைப் பதிப்பில் விறைப்பு என்றே இருக்கட்டும், அதில் எனக்குத் தடையில்லை.

அடுத்து, 'குட்டி' தரமான சொல் இல்லை, 'மறி' என்று எழுதுங்கள் என்ற கருத்து. தொல்காப்பிய மரபியல் குதிரையின் இளமைப்பெயராக மறியையும் சொல்கிறது, கன்றையும் சொல்கிறது. இரண்டுக்கும் மரபு உண்டு. ஆனால் 'மறிக்கு நரம்பு மறிப்பு' என்று எழுதினால் வாசிப்பவர் தடுமாறுவார். 'கன்று' என்றால் மாட்டைத்தான் நினைப்பார். குதிரைக்குட்டி என்று ஊரே சொல்கிறது, நானும் அப்படியே எழுதப் போகிறேன்.

கையேட்டில் இப்படி வரும்: 'குட்டிக்கு முழு மயக்கம் கொடுத்தபின், இரு பக்கமும் வயிற்றுச்சுவர்த் தசையிடை மறிப்பு செய்யப்படும். எழுந்த பிறகும் சில மணி நேரம் தையல் போட்ட இடத்தில் மரப்பு இருக்கும். குட்டி அந்த இடத்தைத் தரையில் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.'

எனக்கு நெருடுவது ஒன்றுதான். ரகரமும் றகரமும் பேச்சில் கலந்துபோன ஊர்களில் மரப்பும் மறிப்பும் காதுக்கு மிக அருகில் இருக்கின்றன. அறுவை அறையில் ஒருவர் சொல்லி மற்றவர் செய்யும் இடத்தில் இது இடறுமா? மதுரை, நெல்லைப் பக்கத்து நண்பர்கள் இரண்டு சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். இடறும் என்றால் மறிப்பை வைத்துக்கொண்டு, மரப்புக்குப் பதில் 'மரமரப்பு' என்றே போட்டுவிடுகிறேன்.