ராடு தொட்டதும் அடங்கிப்போற இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின்: உங்க அனுபவம்?

அம்மாப்பேட்டை கிரில்:
200 ஆம்ப் சிங்கிள் பேஸ் மெஷின். டிஸ்ப்ளே எரியுது, ஃபேன் ஓடுது, ஹோல்டர்ல 70 வோல்ட் காட்டுது. ராடைத் தொட்ட நொடி டிஸ்ப்ளே அணைஞ்சு, உள்ளேயிருந்து ஒரு புகை. திறந்தா சாஃப்ட் ஸ்டார்ட் ரெசிஸ்டர் கரிக்கட்டை. புதுசு போட்டாங்க, அடுத்த ராடுக்கே அதுவும் போச்சு. ரெசிஸ்டர் செத்தது, கொன்னது பக்கத்துல இருக்கிற ரிலே (காயில் காந்தமாகி ஒட்டற சுவிட்ச்). கெப்பாசிட்டர் நிறையும்வரைக்கும்தான் கரண்ட் ரெசிஸ்டர் வழியா போகணும். அப்புறம் ரிலே ஒட்டி அதை பைபாஸ் பண்ணணும். ஒட்டலைன்னா வெல்டிங்குக்கு மெஷின் இழுக்கிற கரண்ட் மொத்தமும் ரெசிஸ்டர் தலையில.

மெஷின் போட்டு ஓரிரு விநாடியில 'டிக்' சத்தம் வரலைன்னா காயிலுக்கு 24 வோல்ட் வருதான்னு பாருங்க. சத்தம் வந்தும் இதே கதைன்னா கான்டாக்ட் கருகியிருக்கும். பிளக்கைக் கழட்டி, கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் பண்ணி, காயிலுக்கு வெளியிலிருந்து 24 வோல்ட் கொடுத்து கான்டாக்ட்ல ஓம்ஸ் வைங்க. சைபர் பக்கம் வரணும். ரெசிஸ்டர் மதிப்பே வந்தா ரிலேயை மாத்துங்க.

ஏற்காடு மேல்ரோடு:
எல்லாப் பழியையும் ரிலே மேல போடாதீங்கண்ணே. எஸ்டேட் வேலையில லைன் கடைசியில இருக்கிற வீட்டுல இதே அறிகுறிதான், ரிலே நல்லாத்தான் இருந்துச்சு. 1.5 ஸ்கொயர் (சதுர மிமீ) வயர்ல 50 மீட்டர் இழுத்திருந்தாங்க. போக வர 100 மீட்டர், 1.2 ஓம். 25 ஆம்ப் இழுத்தா 30 வோல்ட் வயர்லயே காலி. லைன் 200 வந்தாலும் மெஷினுக்கு 170தான். வோல்ட் குறைஞ்சா அதே பவருக்கு இன்வெர்ட்டர் இன்னும் அதிக ஆம்ப் இழுக்கும், வயர்ல இன்னும் விழும். 4 ஸ்கொயர் போட்டா விழறது 12 வோல்ட்டுக்குள்ள. மீட்டரை மெஷின் பிளக்குல, ராடு எரியும்போது வைங்க. சும்மா நிக்கும்போது 220 காட்டி ஏமாத்தும்.

அம்மாப்பேட்டை கிரில்:
லோ வோல்டேஜ்ல மெஷின் அணையும், சரி தம்பி. ரெசிஸ்டர் ஏன் புகையணும்? ரிலே ஒட்டியிருந்தா ரெசிஸ்டர் வழியா கரண்டே போகாதே.

ஐந்து ரோடு சர்வீஸ்:
கிரில் அண்ணே, கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜை ஒரு வரியில தாண்டிட்டீங்க. 230 ஏசியை பிரிட்ஜ் ரெக்டிஃபையர் டிசி ஆக்கினா 325 வோல்ட், அது 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள்ல பிளக்கைப் பிடுங்கின பிறகும் நிக்கும். ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்ணாதீங்க, ட்ராக் பறக்கும். 60 வாட் குண்டு பல்பை ரெண்டு முனையிலும் வைங்க. பல்பு அணைஞ்சாலும் இருபது முப்பது வோல்ட் மிச்சம் இருக்கும், மீட்டர்ல 5க்குக் கீழே வந்த பிறகுதான் கை.

யாரும் கேட்கலை, ஆனாலும் சொல்லிடறேன். ஐஜிபிடி (கரண்டை வேகமா ஆன்-ஆஃப் பண்ற பவர் டிரான்சிஸ்டர்) ஷார்ட் ஆன மெஷின்ல ஐஜிபிடியை மட்டும் மாத்தி ஆன் பண்றதுதான் பாதிப் பேர் செய்யறது. போகும்போது அது கேட் (அதை ஆன்-ஆஃப் பண்ற முனை) ரெசிஸ்டரையும் கேட்ல இருக்கிற ஜீனர் டயோடையும் கூட்டிட்டுப் போகும். ஒவ்வொண்ணையும் அளங்க. எல்லா ஐஜிபிடியும் ஒரே நம்பர், ஒரே லாட்டா போடுங்க. அதை மாட்டறதுக்கு முன்னாடி, கன்ட்ரோல் போர்டுக்கு மட்டும் சப்ளை கொடுத்து நாலு கேட்லயும் பல்ஸ் ஒரே மாதிரி வருதான்னு ஆஸிலோஸ்கோப்புல பாருங்க. ஹீட் சிங்க்ல பேஸ்ட் மெல்லிசா, ஸ்க்ரூ ஒரே இறுக்கம். முதல் ஆன் 100 வாட் குண்டு பல்பு சீரிஸ்ல. பளிச்சுன்னு வந்து மங்கினா நல்லது, பளிச்சுன்னே நின்னா ஷார்ட். எல்ஈடி பல்பு இதுக்கு ஆகாது. பல்பு சீரிஸ்ல இருக்கும்போது ராடு தொடவே கூடாது.

செவ்வாய்ப்பேட்டை காயில்:
இதுக்குத்தான் பழைய காயில் (டிரான்ஸ்ஃபார்மர்) மெஷினே தேவலைங்கறது. ரிலேயும் இல்ல, ஐஜிபிடியும் இல்ல.

ஐந்து ரோடு சர்வீஸ்:
மூணாவது மாடி கைப்பிடிக்கு அதைத் தூக்கிட்டுப் போய்ப் பாருங்க.

ஏற்காடு மேல்ரோடு:
அண்ணே, ஃபேன் ஓடுது, ஹோல்டர்ல சைபர், மஞ்சள் லைட் நிக்குது. இது ரிலேயா?

அம்மாப்பேட்டை கிரில்:
இல்ல தம்பி, முதல்ல அவுட்புட் டயோடைப் பாரு. பிளக்கைக் கழட்டிட்டு டயோட் மோட்ல சிவப்பை மைனஸ்லயும் கருப்பை பிளஸ்லயும் வை, 0.2லிருந்து 0.4 வரணும். மாத்தி வச்சும் சைபர்னா டயோட் ஷார்ட். ஒண்ணொண்ணா கழட்டித்தான் எதுன்னு தெரியும், எல்லாமே பேரலல்.