மறு: மெயின்ஃபிரேமுக்குப் பெருமுகக் கணினி சரிதானா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வங்கிகளின் கணக்குவழக்குகளைக் கவனிக்கும் மெயின்ஃபிரேம் கணினிக்குப் புதுத் தமிழ்ச்சொல் தேடலாம் என்றதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> பெருமுகக் கணினி என்று ஏற்கெனவே இருக்கிறதே, எதற்குப் புதுசு?

இருக்கிறது. ஆனால் அதில் முகம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. மெயின்ஃபிரேம் என்பதே ஓர் அலமாரியின் பெயர். அறை நிறைய நின்ற இரும்புச் சட்டகங்களில், மையச் செயலகம் (சிபியு) இருந்ததை அப்படி அழைத்தார்கள். ஃபிரேமை அப்படியே சட்டகம் என்று தமிழாக்கினால் தச்சுப்பட்டறைதான் நினைவுக்கு வரும். 'பெரு'வும் ஒட்டவில்லை. ஐபிஎம் நிறுவனத்தின் இன்றைய மெயின்ஃபிரேமான இசட் பொறி ஒற்றை அலமாரியிலும் அடங்கிவிடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் உள்ள ஃபிரான்டியர் என்ற மீக்கணினிக்கோ (சூப்பர் கம்ப்யூட்டர்) 74 அலமாரிகள்!

சரி, வேலையைப் பார்ப்போம். மீக்கணினி, வானிலை முன்கணிப்பு போன்ற ஒரே பெரிய கணக்கை ஆயிரக்கணக்கான செயலிகளுக்குப் பிரித்துக் கொடுத்து முடிக்கும். மெயின்ஃபிரேமுக்கு வரும் கணக்கு சின்னது: இவர் கணக்கில் 500 ரூபாய் கழி, அவர் கணக்கில் கூட்டு. ஆனால் அது லட்சக்கணக்கில் வரும். கழித்துவிட்டுக் கூட்டுவதற்குள் நின்றுபோனால் தொலைந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பழுதான பாகத்தை மாற்றும் வசதியெல்லாம் இதற்காகத்தான். 1964இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 மெயின்ஃபிரேமுக்கு எழுதிய நிரல்களை இன்றைய பொறியிலும் ஓட்டலாம் என்பதும் அதே கவலையில் பிறந்ததுதான். பழைய கணக்கை யார் தூக்கிப் போடுவார்கள்?

ஆகவே என் முன்மொழிவு: பேரேட்டுக் கணினி.

> பேரேடு கணக்குப்பிள்ளைச் சொல் ஆயிற்றே. விமான முன்பதிவுக்கு எப்படிப் பொருந்தும்?

அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்காக ஐபிஎம் 1960களில் அமைத்த சேபர் என்ற முன்பதிவு அமைப்பு, ஒரே இருக்கையை இரண்டு பேருக்கு விற்றுவிடாமல் பதிந்து வைத்தது. பணத்துக்குப் பதில் இருக்கை, அவ்வளவுதான். அதுவும் பேரேடுதான்.

மடிக்கணினி எப்படி ஒட்டிக்கொண்டது பாருங்கள். மடியில் வைப்பது, மடித்து வைப்பது இரண்டும் அதில் கேட்கிறது. டேப்லெட்டைக் குளிகை என்றவர்கள் நம்மை மருந்துக்கடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

எனக்கே ஒரு நெருடல் உண்டு. பல கணினிகளில் ஒரே பதிவேட்டின் படிகளை வைத்திருக்கும் பிளாக்செயினைப் பற்றி எழுதும்போது 'பகிர்ந்த பேரேடு' என்கிறோம். இரண்டும் ஒரே கட்டுரையில் வந்தால் குழப்புமா? வங்கிக் கணினிப் பிரிவில் இருப்பவர்கள் சொல்லுங்கள். அப்புறம், சர்வருக்கு வழங்கியா சேவையகமா என்ற சண்டையை இந்த இழைக்குள் கொண்டுவர வேண்டாம்.