பார்க்ல ஃபோகஸ் லைட் போட்டு கிரவுண்ட்: கையெழுத்து போடவா வேணாமா?

தூங்குமூஞ்சி_மரம்:
மக்களே ஒரு யோசனை சொல்லுங்க. நாங்க இருக்கறது சென்னைக்கு வெளிய ஒரு பெரிய லேஅவுட்ல. லேஅவுட் போட்டப்ப விட்ட ஓஎஸ்ஆர் இடம் (பொதுவுக்குன்னு காலியா ஒதுக்கற இடம், லேஅவுட் 10,000 சதுர மீட்டருக்கு மேல போனா 10 சதவீதம் விடணும்ல, அதுதான்) இப்ப பார்க்கா இருக்கு. ஒரு பாதில வாக்கிங் டிராக், ஊஞ்சல், நாலு பெரிய மரம், இன்னொரு பாதி வெறும் மண்ணு, பசங்க அங்கதான் விளையாடறாங்க. இப்போ அந்த மண்ணுல டர்ஃப் (செயற்கைப் புல்லு) போட்டு, சுத்தி வேலி அடிச்சு, லைட் கம்பம் நட்டு ராத்திரி 11 மணி வரைக்கும் விளையாடற மாதிரி பண்ணப்போறாங்களாம். அசோசியேஷன்ல ரெண்டு பேப்பர் சுத்துது, ஒண்ணு வேணும்னு ஒண்ணு வேணாம்னு. என் வீட்டுக்காரர் வேணாம்ல போட்டுட்டார், பையன் வேணும்ல போடச் சொல்லி என் உயிர வாங்கறான். அவன் சொல்றதும் நியாயமாத்தான் இருக்கு, டியூஷன் முடிஞ்சு வர்றப்ப மணி 6 ஆயிடுது, டிசம்பர்ல அதுக்குள்ள இருட்டிடுது, மே மாசம் சாயங்காலம் 4 மணிக்கு வெளிய கால் வைக்க முடியல, அப்ப எப்பதான் விளையாடுவான்? ஆனா எங்க மாமியார் ரூம் ஜன்னலத் தொறந்தா நேரா பார்க்குதான்.

மூணாவது_மாடி:
வேணாம்லயே போடுங்க. எங்க பிளாட்டுக்குப் பின்னாடி ஒரு டர்ஃப் இருக்கு, பட்டுட்டுத்தான் சொல்றேன். லைட்டக்கூட ஸ்க்ரீன் போட்டு மறைச்சுடலாங்க, சத்தத்த எப்படி மறைப்பீங்க? ரெசிடென்ஷியல் ஏரியால பகல்ல 55 டெசிபல், ராத்திரி 10 மணிக்கு மேல 45தான் இருக்கணும்னு 2000லயே ரூல் வந்தாச்சு, 45ன்றது ரெண்டு பேர் மெதுவா பேசற அளவு, அதுல எங்கேருந்து விசில் ஊதறது. கோல் போட்டா கத்தத்தான் செய்வான், அவனத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா மேட்ச் முடிஞ்சதும் கெளம்பாம நம்ம கேட்டுக்கு முன்னாடி பைக் மேல உக்காந்து ஒரு மணி நேரம் அதே கோலப் பத்திப் பேசுவான் பாருங்க, அதுதான் கொடுமை.

லெஃப்ட்_விங்:
அண்ணே உங்க கஷ்டம் புரியுது. நான் வியாசர்பாடி, எங்க சைடுல ஃபுட்பால்னா உசுரு. பகல்ல வேலைக்குப் போறவனுக்கு லைட்டு இல்லாத கிரவுண்டு இருந்தும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான். எனக்குப் பயம் லைட்டு இல்ல, வேலி. 2025ல சென்னை மாநகராட்சியோட 9 டர்ஃப் கிரவுண்ட தனியாருக்கு விட்டு ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபான்னு தீர்மானம் போட்டாங்க ஞாபகம் இருக்கா? எல்லாரும் சத்தம் போட்டப்புறம்தான் வாபஸ் வாங்குனாங்க. பத்து பேரு ஒரு மணி நேரம் ஆடுனா 1200 ஆச்சே, எங்க பசங்க எங்க போவானுங்க? அக்கா, வேலி அடிக்கறாங்கன்னா பூட்டு சாவி யார் கைலன்னு மொதல்ல கேளுங்க. கேட்டுட்டு அப்பால லைட்ட பத்திப் பேசலாம்.

காக்கா_வடை:
எதுக்கு இவ்ளோ டென்ஷன். மூணு மாசம் எரியும், அப்புறம் பல்பு போனா மாத்த ஆள் வராது. ஓவர்.

சர்க்யூட்_பிரேக்கர்:
லைட்டிங் வேலைதான் பாக்கறேன், அதனால கொஞ்சம் நீளமா போகும். சாதா பிராக்டிஸ் ஃபுட்பாலுக்கு 75 லக்ஸ் (தரைல விழற வெளிச்சத்தோட அளவு) போதும், கொஞ்சம் நல்ல மேட்ச்சுன்னா 200, அதுக்கு மேல குடியிருப்புக்கு நடுவுல தேவையே இல்ல. எல்லாரும் கம்பம் உயரமா இருந்தாத்தான் தொல்லைன்னு நெனைக்கறாங்க, விஷயம் தலைகீழ். குட்டைக் கம்பத்துல கிரவுண்ட் நடுவுக்கு வெளிச்சம் போகணும்னா லைட்ட நிமித்தி வைக்கணும், அது நேரா எதிர் வீட்டு ஜன்னலுக்குள்ள போகும். உயரமான கம்பத்துல கீழ பாத்துக் குனிச்சு வைக்கலாம், மேல ஷீல்டும் போடலாம். அப்புறம் 5700 கெல்வின் (லைட்டோட நிறத்துக்கான அளவு) வெள்ள லைட்ட தலைல கட்டப் பாப்பாங்க, 3000 கேளுங்க, மஞ்சளா இருக்கும், பூச்சி கம்மியா வரும். மழ பேஞ்ச மறுநாள் ஈசல் வாய்க்குள்ள போற அனுபவம் இல்லாதவங்களுக்கு இது புரியாது! மரத்துல வவ்வால் இருந்தா அந்தப் பக்கம் கம்பமே வேணாம். எல்லாத்துக்கும் மேல டைமர், வாட்ச்மேன் கைல சுவிட்ச் இருந்தா 11 மணின்றது 12 ஆயிடும்.

கடல்_கடந்தவன்:
வீட்டுக்கு வீடு வாசப்படிதான். நான் இருக்கறது சான் பிரான்சிஸ்கோ பக்கம், இங்க கோல்டன் கேட் பார்க்கோட மேற்குக் கோடில, கடலுக்கு எதிர்ல பீச் சாலேன்னு ஃபுட்பால் கிரவுண்ட் இருக்கு. எலி தோண்டின குழியா இருந்த புல்லுத் தரைய எடுத்துட்டு டர்ஃபும் 60 அடி லைட் கம்பமும் போடணும்னு ஒரு கோஷ்டி, ராத்திரி கடற்கரை இருட்டும் பறவைங்களும் போயிடும்னு இன்னொரு கோஷ்டி. வருஷக்கணக்கா இழுத்து 2014 நவம்பர்ல ஊரே ஓட்டுப் போட்டுச்சு, லைட் கோஷ்டி ஜெயிச்சுது. இப்போ என் பொண்ணு அங்கதான் ஆடுறா, எனக்கு சௌகரியம். ஆனா அந்தப் பக்கம் பீச்சுல நடக்கறப்ப வானம் முன்ன மாதிரி இல்லைன்னும் தோணும்.

தூங்குமூஞ்சி_மரம்:
எல்லாருக்கும் நன்றிங்க. மீட்டிங்ல லெஃப்ட்_விங் தம்பி சொன்ன சாவி கேள்வியக் கேட்டேன், மத்த எல்லாத்துக்கும் டக்கு டக்குனு பதில் வந்துச்சு, அதுக்கு மட்டும் "பாத்துக்கலாம் மேடம்"னாங்க. அதனால மூணாவதா ஒரு பேப்பர் எழுதியிருக்கோம்: மண் தரையாவே இருக்கட்டும், வேலி வேணாம், மரத்துப் பக்கம் கம்பம் வேணாம், மஞ்ச லைட்டு, 9 மணிக்குத் தானா அணையற டைமர். 40 கையெழுத்து சேந்தாச்சு, வீட்டுக்காரரும் போட்டுட்டார். பையன்தான் 9 மணி பத்தாதுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான்.