தினசரி கணக்கு வேலையில் சாதனை என்று எதை எழுதுவது?

கோவை அக்கவுண்டன்ட்:
உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். வேறு வேலை தேட வேண்டும். சிவி எழுதும் முன் சாதனைகளைக் குறித்துக்கொள் என்கிறாள் தோழி. டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) பதிவு, நம் கணக்கை பேங்க் ஸ்டேட்மென்டோடு ஒப்பிடும் ரீகன்சிலியேஷன், மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன். இதில் சாதனை எங்கே இருக்கிறது?

மூத்த ஆடிட்டர்:
இல்லாததைத் தேடாதீர்கள் மேடம். 20ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவது கடமை. நேர்காணலுக்கு வருகிறவர்கள் ‘செலவை 30 சதவீதம் குறைத்தேன்’ என்று எழுதியிருப்பார்கள். எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டால் முழிப்பார்கள். தெரிந்த வேலையை நேராக எழுதுங்கள், போதும்.

எச்ஆர் ராணி:
சார், ‘ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல்’ என்ற வரி எல்லா சிவியிலும் இருக்கிறது. அதை மட்டும் பார்த்து யாரைக் கூப்பிடுவது? மேடம், நீங்கள் சேர்ந்தபோது இருந்ததற்கும் இப்போதைக்கும் என்ன மாறியிருக்கிறது? சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி பட்டியலான 2பி-யில் ஒரு பில் வராவிட்டால், அதற்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் கிரெடிட்டை எடுக்க முடியாது, அந்த வரி கம்பெனியின் கைக்காசு. அதைத் துரத்தி வரவைத்தது யார்?

கோவை அக்கவுண்டன்ட்:
நான்தான். மாதம் 14ஆம் தேதி 2பி வந்ததும் பர்சேஸ் ரெஜிஸ்டரோடு எக்செலில் ஒப்பிடுவேன். விட்டுப்போன பில்லின் போட்டோவை சப்ளையருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, பதில் வரும்வரை விடமாட்டேன். நவம்பர் 30 தாண்டினால் போன நிதியாண்டின் கிரெடிட் போச்சே! அப்புறம் 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு மேல் விற்பனை உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் (பில்லை அரசு போர்ட்டலில் பதிவு செய்வது) கட்டாயமானபோது, டேலியில் அதை அமைத்து பில்லிங் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

எச்ஆர் ராணி:
இதைத்தான் கேட்டேன்! இரண்டும் முதல் பக்கத்தில் வர வேண்டியவை.

மூத்த ஆடிட்டர்:
நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு கிரெடிட் என்று எழுதினால் கம்பெனியின் கொள்முதல் கணக்கு வெளியே தெரிந்துவிடும். அதுவும் போட்டிக் கம்பெனிக்கு விண்ணப்பித்தால்? கிரெடிட் வந்ததில் பர்சேஸ் ஆளுக்கும் அவர்களுடைய ஆடிட்டருக்கும் பங்கு இருக்கிறது. மொத்தமும் தன்னுடையது என்று எழுதுவது சரியில்லை.

எச்ஆர் ராணி:
ரூபாய்க் கணக்கே வேண்டாம் சார். மாதம் ஏறக்குறைய எத்தனை பில் ஒப்பிட்டார், ஆண்டு முடிவில் எத்தனை நிலுவை நின்றது, அவ்வளவுதான். ‘ஒப்பிட்டேன், தொடர்ந்து கேட்டு வாங்கினேன்’ என்று அவர் செய்ததை மட்டும் எழுதினால் யார் பங்கையும் பறிக்கவில்லை. மேடம், ராஜினாமா கொடுக்கும் முன்பே இவற்றை உங்கள் சொந்த நோட்டில் குறித்து வையுங்கள். மெயிலை மூடிய பிறகு எதையும் சரிபார்க்க முடியாது. கம்பெனி ஃபைலை மட்டும் காப்பி எடுக்காதீர்கள்.

மூத்த ஆடிட்டர்:
கேட்டால் விளக்கத் தெரிந்த எண் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சாதனையாகவே அடுக்கி, டேலி தெரியுமா, டிடிஎஸ் (வரிப் பிடித்தம்) தெரியுமா என்பதே காணாமல் போகிற சிவிகள் நிறைய வருகின்றன. சின்னக் கம்பெனி முதலாளி முதலில் தேடுவது அதைத்தான். இதில் என் கருத்து மாறாது.

கோவை அக்கவுண்டன்ட்:
சரி சார், அதையும் மேலேயே போடுகிறேன். ராணி அக்கா, இ-இன்வாய்ஸ் வேலைக்கு என்னிடம் எந்த எண்ணும் இல்லை. அப்படியே எழுதலாமா?

எச்ஆர் ராணி:
தாராளமாக. நீங்கள் லீவு போட்ட நாளில் அந்தப் பையன்களே பில் போட்டு அனுப்புகிறார்களா?

கோவை அக்கவுண்டன்ட்:
ஆமாம். போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது ஒரு போன்கூட வரவில்லை.

எச்ஆர் ராணி:
‘நான் இல்லாத நாளிலும் பில்லிங் தடையில்லாமல் நடக்கும்படி பயிற்சி கொடுத்தேன்’ என்று எழுதுங்கள்.