அமெரிக்கக் கால்பந்து (NFL): அந்த ரிசீவருக்கு (பந்து பிடிப்பவருக்கு) அவ்வளவு கொடுத்தது தகுமா? மனசை விட்டுப் போகாத டிரேட்கள் (வீரர் கைமாற்றங்கள்)

டல்லாஸ்காரன்
2018 அக்டோபரில் அமாரி கூப்பருக்காக முதல் சுற்று பிக்கையே (டிராஃப்டில் புது வீரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு) கொடுத்தபோது நாங்கள் 3 வெற்றி, 4 தோல்வி என்று கிடந்தோம். எனக்கு மறக்காதது டிசம்பர் ஈகிள்ஸ் ஆட்டம், ஓவர்டைம். எங்கள் குவாட்டர்பேக் (பந்து வீசுகிறவர்) டாக் பிரெஸ்காட் வீசிய பந்து ஈகிள்ஸின் ரசூல் டக்ளஸ் கையில் பட்டு எகிறியது. போச்சு என்று நினைத்த நொடியில் கூப்பர் அதைப் பிடித்து எண்ட் ஸோனுக்குள் போய் டச் டவுன் (ஸ்கோர்) எடுத்துவிட்டார். அன்றைக்கு மட்டும் பந்து பிடித்து எடுத்த தூரம் 217 யார்டு. அந்த சீசனில் டிவிஷன் (எங்கள் பிரிவின் முதலிடம்) எங்களுக்கே.

அப்புறம் 2022-ல் அதே ஆளை ஐந்தாம் சுற்று பிக்குக்கு கிளீவ்லாந்துக்குத் தள்ளிவிட்டார்கள். ஆட்டம் குறைந்து அல்ல, 2 கோடி டாலர் சம்பளம் பாரமாகிவிட்டது. 2023 டிசம்பரில் ஹூஸ்டனில் அவர் 265 யார்டு எடுத்தபோது வயிறு எரிந்தது. இன்னும் அடங்கவில்லை.

சிகாகோ_கரடி
உங்களுக்காவது ஒரு டிவிஷன் கிடைத்தது. நாங்கள் 2022 நவம்பரில் சேஸ் கிளேபூலுக்காக பிட்ஸ்பர்க்குக்கு இரண்டாம் சுற்று பிக் கொடுத்தோம். அந்த சீசனில் எங்களுக்காக அவர் பிடித்தது 14 பந்து, 140 யார்டு. தோற்கும் அணிக்குத்தான் டிராஃப்டில் முன் வரிசை என்பதால், நாங்கள் தோற்கத் தோற்க அந்த பிக் மேலே ஏறிக்கொண்டே போனது. மயாமியின் முதல் சுற்று பிக்கை லீக் பறித்திருந்ததால் கடைசியில் 32-வதாக வந்து நின்றது. டிராஃப்டின் இரண்டாம் நாள் முதல் பெயராக பிட்ஸ்பர்க் ஜோயி போர்ட்டர் ஜூனியரை அழைத்தது. அவருடைய அப்பா ஆடிய அதே அணி. பெயரைக் கேட்டதும் டிவியை அணைத்துவிட்டேன்.

பஃபலோவாசி
2020 நவம்பர், அரிசோனா. 34 விநாடி இருக்கும்போது எங்கள் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸ் டச் டவுன் பிடித்தார், எங்கள் வீடே ஆடியது. அடுத்து அரிசோனாவின் ஹாப்கின்ஸ், மூன்று பேருக்கு நடுவே எழும்பி... சொல்லவே பிடிக்கவில்லை. இருவருமே அந்த மார்ச்சில் டிரேடில் கைமாறியவர்கள்; டிக்ஸ் மின்னசோட்டாவிலிருந்து எங்களிடம் வந்தார்.

டல்லாஸ் அண்ணா, சிகாகோ நண்பரே, பிக்கை மட்டும் வைத்து விலை பேசாதீர்கள். முதலில் பந்து வீசுகிறவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று பாருங்கள். எங்கள் குவாட்டர்பேக் ஜாஷ் ஆலன் 2019-ல் வீசியதில் 58.8 சதவீதம் கைக்குப் போனது. டிக்ஸ் வந்த வருடம் 69.2. ஆலன் அப்போது சம்பளம் குறைந்த ரூக்கி (புதுமுக) ஒப்பந்தத்தில் இருந்ததால் ரிசீவருக்குக் கொடுக்கவும் காசு இருந்தது. சீசன் நடுவில் வாங்கினால் பிளேபுக்கை (அணியின் ஆட்டத் திட்டங்களை) படிக்கவே வாரங்கள் ஓடிவிடும், கூப்பர் மாதிரி இறங்கியதும் ஆடுகிறவர்கள் அபூர்வம். மார்ச்சில் வாங்கினால் பயிற்சி முகாமாவது முழுசாகக் கிடைக்கும். மூன்று நான்கு வருடம் தள்ளி வரும் சம்பளக் கணக்கையும் வாங்கும் அன்றைக்கே போடுங்கள். 2024-ல் டிக்ஸை அனுப்பியபோது, எங்களுக்கு ஆடாத ஆளுக்காக கேப்பில் (அணியின் சம்பள உச்சவரம்பில்) சுமார் 3.1 கோடி டாலர் உட்கார்ந்தது. அப்படியும் அந்த டிரேட் தகும் என்றே சொல்வேன்.

வைக்கிங்_மின்னசோட்டா
டிக்ஸுக்காக நீங்கள் கொடுத்த 22-வது பிக்கில்தான் எங்களுக்கு ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சன் வந்தார். அதைச் சொல்லாமலே கணக்கை முடிக்கிறீர்களே.

நாஷ்வில்_ரசிகன்
எல்லோருக்கும் ஜெஃபர்சன் வாய்ப்பதில்லை. 2022 டிராஃப்ட் இரவில் எங்கள் ரிசீவர் ஏ.ஜே. பிரவுனை ஃபிலடெல்பியாவுக்குக் கொடுத்து, கிடைத்த 18-வது பிக்கில் டிரெய்லான் பர்க்ஸை எடுத்தோம். அந்த டிசம்பரில் பிரவுன் எங்களையே 119 யார்டு, 2 டச் டவுன் அடித்தார். 35-10 என்று தோற்றோம். எங்கள் ஒரே டச் டவுனைப் பிடித்தவர் பர்க்ஸ். பிடித்த கையோடு தலையில் அடிபட்டு விழுந்தார், ஆட்டத்துக்குத் திரும்பவில்லை. இரண்டு நாளில் ஜெனரல் மேனேஜரை நீக்கினார்கள். பிரவுனுக்கு ஃபிலடெல்பியா கொடுத்த நான்கு வருடம், 10 கோடி டாலரை நாங்களே கொடுத்திருக்கலாம்.

டல்லாஸ்காரன்
பஃபலோ சொன்ன சம்பளக் கணக்குதான் எங்களுக்கு மறுபடி இடிக்கிறது. 2025 மே மாதம் ஜார்ஜ் பிக்கன்ஸை வாங்கினோம், மூன்றாம் சுற்று பிக்தான், மலிவு என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் வந்தபோதே ஒப்பந்தத்தில் ஒரு வருடம்தான் மிச்சம்.